நுரையீரலில் நார் பெருகுவது ஏன்?

நெசவாளர் சங்கம் ஒன்றின் கோப்புகளைப் பரிசீலித்துக் கொண்டிருந்தபோது, கடன் மனு ஒன்றுடன் மருத்துவச் சான்று இணைக்கப்பட்டிருக்கக் கண்டேன். ‘நுரையீரல் நார்ப்பெருக்கம்’ என்று அதில் எழுதியிருந்தது. மனுதாரர் தறியைவிட்டு எழுந்து வருவதற்குள் மூச்சு வாங்கினார். “காசம் இல்லை என்கிறார்கள் ஐயா, பின் இது என்ன?” என்று அவர் வினவியபோது என்னால் விடை கூற இயலவில்லை. பின்னர்ப் படித்தறிந்ததை அங்கத்தினர்கள் பொருட்டு இங்கே தருகிறேன்.

காயம் ஆறுகையில் தழும்பு உண்டாதல் இயல்பு. கொலாஜன் என்னும் நார்ப் புரதத்தைக் கொண்டு உடல் அதனை நெய்கிறது. வேலை முடிந்ததும் நெசவு நிற்கவேண்டும். இந்நோயிலோ அது நிற்பதில்லை. காற்றறைகளின் மெல்லிய சுவர்கள் தடித்து விறைத்துப் போக, பிராணவாயு இரத்தத்திற் கலப்பது குறைந்துவிடுகிறது.

நெசவை நிறுத்தும் அதிகாரிகளுள் ஒருவகையே மைக்ரோ ஆர்.என்.ஏ. உயிரணுவின் கருவில் உள்ள மரபுப் பொருளைச் சங்கத்தின் மூலப்பதிவேடு எனக் கொண்டால், அதிலிருந்து எடுக்கப்படும் உத்தரவு நகலைப் பார்த்தே புரதம் செய்யப்படுகிறது. ஏறத்தாழ 22 எழுத்துகளே கொண்ட இச்சிறு துணுக்கு அந்நகலின்மேல் ஒட்டிக்கொண்டு, உத்தரவு நிறைவேறாதபடி தடுக்கிறது. எங்கள் இலாகாவில் தணிக்கைக் குறிப்புக்கும் இத்தகைய வலிமை உண்டு! ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுவில் இதனை 1993இல் வெளிப்படுத்திய விக்டர் ஆம்புரோஸ், கேரி ரவ்குன் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் 2024இல் நோபெல் பரிசு பெற்றனர்.

நுரையீரலில் இவற்றுள் இரண்டு முக்கியமானவை. மிர்-29 கொலாஜன் உத்தரவுகளைத் தடுத்து வைப்பது. நோயில் அது குறைந்துவிடுகிறது. மிர்-21 பெருகிவிடுகிறது. தழும்பைத் தூண்டும் டி.ஜி.எஃப்.-பீட்டா என்னும் பொருளுக்குக் கடிவாளமாக உள்ள புரதத்தை அது அடக்கிவிடுகிறது. அத்தூண்டுபொருளே மிர்-21ஐ மேலும் பெருக்கி, மிர்-29ஐக் குறைக்கிறது. வட்டிக்கு வட்டி ஏறும் கடனைப் போன்றதே இது.

எலிகளில் மிர்-21ஐ அடக்கியபோதும், மிர்-29ஐ ஒத்த பொருளை அளித்தபோதும் நார்ப்பெருக்கம் குறைந்தது. ஆயின் எலிக்குப் பலித்தது மனிதனுக்கும் பலிக்கும் என்று நாம் அவசரப்படலாகாது. இவ்வழியில் இந்நோய்க்கு அங்கீகாரம் பெற்ற மருந்து இன்னும் இல்லை. 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிர்பெனிடோன், நின்டெடானிப் ஆகியவை வேறு வகையின. நோயின் வேகத்தைத் தணிப்பனவேயன்றி, விழுந்த தழும்பை அகற்றுவன அல்ல. ஆகவே காலதாமதம் இந்நோயில் பெருநஷ்டம்.

பஞ்சுத் தூசியால் ஆலைத் தொழிலாளருக்கு வரும் மூச்சடைப்பு வேறு நோய். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. கல்லுடைக்கும் தூசியும் புகைபிடித்தலும் நுரையீரலில் தழும்புக்கு இடந்தருவன. விவசாயிகள் கவனிக்கவேண்டியது பூஞ்சணம் பிடித்த வைக்கோல். அதன் தூசியைப் பலகாலம் சுவாசிப்பவர் சிலருக்கு ஒவ்வாமை ஏற்பட்டு, நாளடைவில் நுரையீரலில் நார் படிவதுண்டு. வைக்கோலை நன்கு உலர்த்திப் போரிடுவதும், ஈரம் பட்டதைக் கிளறும்போது வாயையும் மூக்கையும் மூடும் தக்க முகக்கவசம் அணிவதும் நலம். வறட்டு இருமல் வாரக்கணக்கில் நீடித்து, நடக்கையில் மூச்சுத் திணறுமாயின், சளியைப் பரிசோதித்ததோடு நின்றுவிடாமல் மார்பு நோய் மருத்துவரிடமும் காட்டவேண்டும். அம்மனுதாரர் கடன் கேட்டதும் அத்தகைய பரிசோதனைக்காகவே.