கன்றுக்குட்டிக்குப் பால் வேண்டாமா, அம்மா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் 30 கிலோ மீட்டர்தான். ஆனால் வழியில் கொண்டை ஊசி வளைவுகள் 20 இருக்கின்றன. வளைவுக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து வயதுக் குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு பஸ்ஸில் போகும் தாயார், மேலே போய்ச் சேருவதற்குள் 20 கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்!

"மரத்து மேலே என்னம்மா கொடி?" "மிளகுக் கொடி, கண்ணா." "அது என்ன சிவப்பாப் பழம்?" "காப்பிப் பழம். அதுக்குள்ளே இருக்கிற கொட்டையைத்தான் வறுத்துப் பொடி பண்ணுகிறோம்." இதெல்லாம் சுலபம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்த கதையைக்கூடச் சொல்லிவிடலாம். ஆனால் சாலையோரம் மேயும் பசுவையும், அதன் பின்னால் துள்ளும் கன்றையும் பார்த்துவிட்டு, "அம்மா, நாம குடிக்கிற பால் அந்தக் குட்டியோடதா?" என்று ஒரு கேள்வி வருகிறது பாருங்கள், அங்கேதான் நமக்குத் தொண்டையை அடைக்கிறது.

இந்தக் கேள்வியைப் பெரியவர்களே கேட்டுக்கொண்டு, பால், தயிர், நெய், முட்டை, தேன், பட்டு, தோல் எல்லாவற்றையும் விலக்கி வாழத் தொடங்கியிருக்கிறார்கள். 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவருடைய நண்பர்கள் சிலரும் சேர்ந்து இதற்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். 'வீகன்' என்று பெயரும் சூட்டினார்கள். தமிழில் இதை 'நனிசைவம்' என்கிறார்கள்.

நமக்கு இதில் என்ன புதுமை என்று நீங்கள் கேட்கலாம். புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரம், கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் என்று வள்ளுவர் எழுதி வைத்த நாடல்லவா இது? வாடிய பயிரைக் கண்டு மனம் வாடிய வள்ளலார் 1867-ல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, ஜீவகாருண்யத்தை நெஞ்சில் பதிய வைத்த நாடல்லவா? உண்மைதான். ஆனால் நம் வீட்டுச் சைவத்தில் பாலும் நெய்யும் இரண்டறக் கலந்திருக்கின்றன. 'உயிரைக் கொல்லக் கூடாது, அதனால் மாமிசம் வேண்டாம்' என்று சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக இருக்கிறோம். குழந்தையோ அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த படிக்குப் போய்விடுகிறது. தர்மசங்கடம் அங்கேதான்.

உங்கள் வீட்டில் நனிசைவம் கடைப்பிடிக்கலாம், கடைப்பிடிக்காமலும் இருக்கலாம். குழந்தை கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே! எப்படிச் சொல்வது?

பொய் வேண்டாம், பயமும் வேண்டாம்

"பசு நமக்காகவே பால் தருகிறது" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையல்ல. கன்று ஈன்றால்தான் பசுவுக்குப் பால் சுரக்கும். "நீ பிறந்தபோது அம்மாவுக்குப் பால் சுரந்ததல்லவா, அது மாதிரிதான். அந்தப் பால் கன்றுக்காகச் சுரப்பது. அதில் நாமும் எடுத்துக்கொள்கிறோம். 'நமக்கு வேண்டாம், கன்றே குடிக்கட்டும்' என்று சிலர் சொல்கிறார்கள்." ஐந்து வயதுக்கு இவ்வளவு போதும். காளைக் கன்றால் பால் வியாபாரத்தில் வருமானம் இல்லை, ஆகவே அதன் கதி பல இடங்களில் பரிதாபம் என்ற விஷயத்தைப் பத்து வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். கசாப்புக் கூடத்துக் காட்சிகளைச் செல்போனில் காட்டிக் குழந்தையின் தூக்கத்தைக் கெடுப்பது எந்தக் காருண்யத்திலும் சேராது.

கதை வேண்டுமானால் நம்மிடமே இருக்கிறது. திருவாரூரில் மனுநீதிச் சோழன் கதையைச் சொல்லாத பாட்டி உண்டா? கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது என்றால், பசுவுக்கும் தாயின் துக்கம் உண்டு என்பதுதானே பொருள்? ராஜகுமாரன் தேர்க்காலில் போகும் பகுதியைச் சற்று மெதுவாகச் சொல்லுங்கள். பசுவின் துக்கத்தை நன்றாகச் சொல்லுங்கள்.

தேனும் பட்டும்

ஏற்காட்டுக் கடைகளில் மலைத்தேன் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். "தேனீ யாருக்காகத் தேன் சேர்க்கிறது?" என்று நீங்களே குழந்தையைக் கேட்டுப் பாருங்கள். ஒரு வேலைக்காரத் தேனீ தன் ஆயுள் முழுவதும் உழைத்துச் சேர்ப்பது ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் என்கிறார்கள். பூ இல்லாத நாட்களில் கூட்டின் பசிக்கு அதுதான் உணவு. அந்தத் தேனீக்கள் வந்து போனால் காப்பிச் செடியும் கூடுதலாகக் காய் பிடிக்கிறது. ஆக, நாம் குடிக்கும் காப்பியிலும் தேனீயின் உழைப்பு உண்டு!

இனி நம் பீரோவைத் திறப்போம். பட்டுப்புழு சுமார் நாலு வாரம் மல்பெரி இலையைத் தின்று, தன்னைச் சுற்றி ஒரே இழையாகக் கூடு கட்டுகிறது. அந்த இழை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் நீளம் வரும். பூச்சி வெளிவந்தால் இழை அறுந்துவிடும். ஆகையால் அதற்கு முன்பே கூட்டைச் சூடேற்றி, உள்ளே இருக்கும் உயிரைக் கொன்றுவிடுகிறார்கள். ஒரு புடவைக்குப் பல ஆயிரம் கூடுகள் வேண்டும்.

இது நம் பெண்மணிகளுக்குத் தோன்றாத விஷயம் அல்ல. 1987 முதல் 1992 வரை ஜனாதிபதியாக இருந்த ஆர். வெங்கட்ராமனின் மனைவி ஜானகி அம்மாள், ஹைதராபாத்துக்கு வந்திருந்த சமயம், "புழுவைக் கொல்லாமல் எடுத்த பட்டில் புடவை உண்டா?" என்று கேட்டாராம். அங்கே கைத்தறித் துறையில் வேலை பார்த்து வந்த குசுமா ராஜையாவின் மனத்தில் அந்தக் கேள்வி தைத்தது. பூச்சி வெளிவந்த பிறகு மிஞ்சும் கூட்டிலிருந்து நூல் நூற்க அவர் முனைந்தார். அப்படிப் பிறந்ததுதான் 'அகிம்சைப் பட்டு'. மினுமினுப்பு சற்றுக் குறைவு, விலை கூடுதல். வளர்ப்புப் பட்டுப்பூச்சிக்குப் பறக்கவும் தெரியாது, வெளிவந்த சில நாட்களில் மடிந்தும் போகும் என்பதால் நனிசைவர்கள் பலர் இதையும் ஏற்பதில்லை. ஆனாலும் ஒரு பெண்மணி கேட்ட ஒரு கேள்வியால் ஒரு தறியே வேறு விதமாக ஓடியது என்பதைக் குழந்தைக்குச் சொல்லலாம்.

செடி பூச்சியைத் தின்கிறதே!

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் மலர்த் தோட்டம் இருக்கிறது. மேகாலயா மலைகளுக்குரிய குடுவைச் செடியையும் அங்கே வளர்க்கிறார்கள். இலையின் நுனி குடுவை போல் தொங்கும். அதில் வழுக்கி விழும் பூச்சியைச் செடி ஜீரணித்துக்கொள்ளும். "செடியே பூச்சியைத் தின்னலாம்னா, நான் ஏன் தின்னக்கூடாது?" என்று உங்கள் அருமைப் பிள்ளை கேட்டால் திகைக்காதீர்கள், அது புத்திசாலிப் பிள்ளை!

"அந்தச் செடி முளைக்கும் மண்ணில் சத்து இல்லை. நடந்து போய் வேறு இடத்தில் சாப்பிடவும் அதற்குக் கால் இல்லை. புலிக்கும் புல் ஒத்துக்கொள்ளாது. நமக்கோ கடையில் நூறு பண்டம் இருக்கிறது. எதை எடுக்கலாம் என்று யோசிக்கப் புத்தியும் இருக்கிறது" என்று சொல்லுங்கள். நனிசைவத்தின் சாரமே இதுதான்.

அடுத்த வீட்டாரைப் பழிக்க வேண்டாம்

ஆபத்து ஒன்று உண்டு. நேற்று வரை பாட்டி கையால் பாயசம் குடித்த குழந்தை, இன்று "பாட்டி கெட்டவள்" என்று சொல்லிவிடக் கூடும். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண்ணின் முட்டையைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடும். இரக்கத்தைக் கற்பிக்கப் போய் அகங்காரத்தைக் கற்பித்த கதையாகிவிடும். சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளி மக்கள் சாமையும் கேழ்வரகும் பயிரிட்டு, ஆடு மாடுகளையும் வளர்த்து ஜீவிக்கிறவர்கள். அவர்களுடைய வாழ்க்கையை, கடைத்தெருவில் பத்து விதப் பண்டங்களில் பொறுக்கி எடுக்கும் பட்டணத்துக் குழந்தை எடை போடலாமா? "நம் வீட்டில் இப்படி, அவர்கள் வீட்டில் அப்படி. காரணம் கேட்டால் சொல்லு, கேட்காவிட்டால் சிரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு" என்பதே நல்ல பாடம்.

தட்டில் என்ன?

பாலை நிறுத்துவது என்று தீர்மானித்தால் உணர்ச்சி மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். பி12 என்ற வைட்டமின் செடி கொடி உணவில் நம்பும்படியாகக் கிடைப்பதில்லை. அது குறைந்தால் ரத்தசோகை வரும், நரம்பும் பாதிக்கும். ஆகவே டாக்டரைக் கேட்டு மருந்தாகக் கொடுத்தே தீர வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம். அதே அளவு பசும்பாலில் சுமார் 120 தான். ஆனால் கேழ்வரகில் உள்ளது முழுவதும் உடம்பில் ஒட்டாது. முளைகட்டினால் கூடுதலாக ஒட்டும். எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, பருப்பு, சுண்டல் எல்லாம் கை கொடுக்கும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்க இதில் தடையே இல்லை. அது தாய் மனமுவந்து தருவது.

வாரத்துக்கு ஒரு நாள் பாலில்லாமல் சமைத்துப் பார்க்கலாமே என்று குழந்தை ஆசைப்பட்டால், "முடியாது" என்று சொல்ல வேண்டிய நிலையில் நம் சமையலறை இல்லை. இட்லி, ரசம், புளியோதரை, கடலை உருண்டை எதிலும் பால் இல்லை. பாயசத்துக்குக்கூட யோசிக்க வேண்டாம். சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கில் பிறந்தது. அதை வேகவைத்து, வெல்லம் கரைத்து, அடுப்பை விட்டு இறக்கித் தேங்காய்ப்பால் ஊற்றுங்கள். முதல் கிண்ணத்தைக் குழந்தை கையில் கொடுத்து, பாட்டிக்குக் கொண்டு போய்க் கொடுக்கச் சொல்லுங்கள்.