தலைவரைத் தெரிவு செய்பவர் யார்?

எல்கடுவப் பக்கத்தில் லயத்துப் பாதை உடைந்தால் "தவிசாளரை நாங்களா தெரிந்தோம்?" என்று சலித்துக்கொள்கிறோம். உண்மைதான். நாம் புள்ளடி இடுவது கட்சிக்கு. சபையில் பாதி ஆசனமாவது பெற்ற கட்சி தலைவரைத் தானே பெயர் குறிக்கும். எக்கட்சிக்கும் அது கிட்டாவிட்டால் உறுப்பினர்கள் கூடித் தெரிவார்கள். கொழும்பு மேயர் 2025 யூனில் அப்படித்தான், அதுவும் இரகசிய வாக்கெடுப்பில், தெரிவானார்.

சென்னையில் 1996இல் மக்களே நேரடியாக மு. க. ஸ்டாலினை மேயராக்கினர், 2001இலும் அவரையே. 2006இல் அவ்வுரிமை உறுப்பினர்களிடம் போனது, 2011இல் மக்களிடம் திரும்பியது, 2022இல் மறுபடி போய்விட்டது. ஆள்வோருக்குச் சட்டம் அவ்வளவு இலகு! இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்திலோ 2012இல் வாக்கெடுப்பில் கேட்டுப் பெற்ற நேரடி மேயரை 2022இல் மக்களே வேண்டாமென்றார்கள். தனியொருவரிடம் அதிகாரம் குவிவதைப் பலர் விரும்பவில்லை.

ஆகவே எமக்குக் கைக்கெட்டியவர் வட்டார உறுப்பினரே. 1987ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டங்களுக்குள் பிரதேச சபைப் பணத்தைச் செலவிடத் தடையாயிருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. "தோட்டத்துப் பாதை எங்களுடையதல்ல" என்ற சாட்டு இனிச் செல்லாது. பாதையையும் வடிகாலையும் எழுத்தில் கேளுங்கள். இடம்பெயர்ந்து வந்தவர்கள், இப்போது வசிக்கும் இடத்து வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் முதலில் விசாரியுங்கள்.