சொல்லத் தயங்கும் நோயும் எளிய சிகிச்சையும்

தும்மும்போதும் சிரிக்கும்போதும் பாரம் தூக்கும்போதும் சிறுநீர் கசிவதைப் பெண்கள் பலர் பெற்ற தாயிடமும் கூறுவதில்லை. 'பிள்ளை பெற்ற உடம்பு, இப்படித்தான் இருக்கும்' என்று பொறுத்துக்கொள்கின்றனர். உளூ நிலைக்குமோ என்னும் ஐயத்தால் தொழுகையில் மனம் ஒன்றாது தவிப்போரும் உளர். இது விதியன்று, தசைகளின் தளர்ச்சியே என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

இடுப்பெலும்பின் அடியில், முன்னெலும்பு முதல் வால் எலும்பு வரை, தூளிபோல் விரிந்து கிடப்பவை இடுப்புத்தளத் தசைகள். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குவன இவையே. மகப்பேறு, தீராத மலச்சிக்கல், நாட்பட்ட இருமல், உடற்பருமன், மாதவிடாய் நிற்கும் பருவம் ஆகியன இவற்றைத் தளர்த்தும். தளர்ச்சி மிகின் சிறுநீர் கசியும். நம் மூதாட்டியர் 'அடியிறக்கம்' என்று கூறும் கருப்பை இறக்கமும் நேரலாம்.

இத்தசைகளைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம் என 1948ஆம் ஆண்டில் அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் எழுதினார். சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் தசைகளை உள்ளிழுத்துச் சில நொடிகள் நிறுத்தி, பின் முழுதும் தளர்த்துதல் வேண்டும். மூச்சை அடக்கலாகாது. வேளைக்கு 8 முறையேனும், நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம் செய்தல் வேண்டும். சிறுநீர் கழிக்கையில் இடையே நிறுத்திப் பழகுதல் கூடாது. தசை இறுகி வலியுறுவோர்க்கு இப்பயிற்சி பொருந்தாது. ஆதலின் முதலில் இயன்முறை மருத்துவம் பயின்ற பெண்மணி ஒருவரை நாடிக் கற்றல் நன்று.

இடையறாத கசிவு உடையோர் ஒவ்வொரு தொழுகை வேளைக்கும் புதிதாக உளூச் செய்து தொழ மார்க்கச் சட்டம் சலுகை அளித்துள்ளது. மார்க்கம் குற்றமாகக் கருதாத ஒன்றை நாம் வெட்கமாக்குதல் முறையோ? நாணம் நற்பண்பே, நோயை மறைத்தல் நாணமாகாது.