சக்கரத்துக்குப் போகாத நீர்

அமெரிக்காவின் வட கரோலினாவில், ராலி நகரை ஒட்டிய ஓர் ஓடைக்கரையில் யேட்ஸ் மாவு ஆலை நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய இடம். 1953 வரை தானியம் அரைத்தது. பக்கத்தில் அணையைத் தாண்டி ஒரு சிற்றருவி விழுகிறது. வருகிறவர்கள் அதைத்தான் ஆசையாகப் படம் பிடிக்கிறார்கள். ஆனால் ஆலைக்கு அது உதவாத நீர், கலிங்கு வழிந்து போகும் மிச்சம். வேலை செய்யும் நீர் சத்தமில்லாமல் மரக்கால்வாயில் போகிறது.

அந்தக் கால்வாய் அணையின் உயரத்தைக் கைவிடாமல் நீரைச் சக்கரத்தின் உச்சிவரை கொண்டுசெல்லும். சக்கர விளிம்பில் வரிசையாகப் பெட்டிகள். நிறைந்த பெட்டிகள் ஒரு பக்கத்தைக் கனக்க வைக்க, சக்கரம் சுழலும். கீழே வந்ததும் பெட்டிகள் காலியாகிவிடும். இங்கே நீரின் வேகத்துக்குப் பெரிய பங்கில்லை. எடைதான் எல்லாம். பிரிட்டனின் ஜான் ஸ்மீட்டன் மாதிரிச் சக்கரங்களை ஓடவிட்டு அளந்து, 1759இல் இதை நிறுவினார். அடியில் நீர் மோதிச் சுழலும் சக்கரத்தைவிட, மேலிருந்து நிறையும் சக்கரம் ஏறக்குறைய இரு மடங்கு வேலை தந்தது. மோதும் நீர் சிதறி நுரைப்பதிலேயே தன் ஆற்றலில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது.

நொடிக்கு 100 லிட்டர் நீர் 4 மீட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். சுமார் 4 கிலோவாட். அதில் மூன்றில் இரண்டு பங்கு சக்கரத்தில் தேறினாலே மூன்றரைக் குதிரைத்திறன். உயரத்தை இரு மடங்காக்கினால் திறனும் இரு மடங்காகும். சின்ன ஓடைக்கும் மெனக்கெட்டு அணை கட்டியது இதனால்தான். இரவில் சேரும் நீர் பகலில் அரைக்க உதவியதும் கூடுதல் லாபம்.

சக்கரம் மெதுவாகத்தான் சுற்றும். பல்சக்கரங்கள் அந்தச் சுற்றைப் பெருக்கி மேல்கல்லுக்குத் தருகின்றன. அடிக்கல் அசையாது. இரண்டு கற்களும் தொட்டுக்கொள்ளவும் கூடாது. தொட்டால் மாவில் கல்பொடி கலக்கும், தீப்பொறியும் பறக்கலாம். கற்களில் வெட்டிய பள்ளங்கள் தானியத்தை நறுக்கி, மாவை விளிம்புக்குத் தள்ளும். தேய்ந்தால், அம்மி கொத்துவதுபோல உளியால் மறுபடி கொத்த வேண்டும். என் கண்ணுக்கு ஆலையின் மிக நுட்பமான வேலை இதுதான்.

1996இல் ஃப்ரான் சூறாவளியில் அணை உடைந்தது. கட்டடம் தப்பியும் ஆலையை மறுபடி ஓட்ட வழியில்லை. அணையைத் திரும்பக் கட்டினார்கள். 2006இல் பூங்காவாகத் திறக்கப்பட்ட அந்த இடத்தில், இப்போது பார்வையாளர்களுக்கு மக்காச்சோளம் அரைத்துக் காட்டுகிறார்கள்.