கேமரன் போகிற வழியில் ஒரு படம்

கேமரன் மலையைப் படம் பிடிக்கப் போகிறவர்கள் சிம்பாங் பூலாயில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, எண்ணெய் போட்டுக்கொண்டு, கம்போங் ராஜா நோக்கி ஏறிவிடுகிறார்கள். தேயிலைச் சரிவுகளைப் பார்க்க அவ்வளவு அவசரம். ஆனால் பனி, வெயில், இடிமழை மூன்றையும் ஒரே நாளில் பிடிக்க நினைப்பவருக்கு, பேராக்கில் சிம்பாங் பூலாயைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நிகரான இடம் இல்லை என்பேன்.

கிழக்கே தித்திவங்சா தொடர், மேற்கே கிளேடாங் தொடர். நடுவே கிந்தா பள்ளத்தாக்கின் தட்டைத் தரையிலிருந்து செங்குத்தாக எழும் பாறைகள். 25 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. காற்றடங்கி வானம் தெளிந்த இரவுக்கு மறுநாள் விடியலில் போய்ப் பாருங்கள். தரை குளிர்ந்து, பழைய ஈயக்குட்டைகளின் ஈரமும் சேர்ந்து, மலையடிவாரத்தில் பனிமூட்டம் படிந்திருக்கும். 1982-இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து இங்கே ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது. சூரியன் கிழக்குத் தொடரைத் தாண்டி முகம் காட்ட இன்னும் சற்று நேரமாகும். அந்த இடைவேளையில்தான் படம் கிடைக்கும். அகன்ற லென்ஸில் மலைகள் சிறுத்துப்போகும். 200 மி.மீ. லென்ஸ் போட்டால் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வரும்: முன்னது கரும்பச்சை, பின்னது வெளிறிய நீலம். பனியைக் கேமராவின் கணக்குக்கு விட்டால் சாம்பலாக்கிவிடும். ஒரு ஸ்டாப் வரை வெளிச்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாலையில் இதற்கு நேர்மாறு. மேற்கு வெயில் பாறை முகத்தில் விழும்போது, சுற்றியுள்ள காட்டின் இருட்டைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டும். பாறையின் செம்பழுப்புக் கோடுகள் வெளுத்துப்போகும். அப்போது குறைக்க வேண்டும்.

ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர்: பருவக்காற்று மாறும் இந்த மாதங்களில் மதியம் தாண்டியதும் மலைத்தொடர் மேல் இடிமழை மேகம் திரளும். ஆனால் அதைக் குளிரூட்டிய காடியிலிருந்து கேமராவை எடுத்த கையோடு பிடிக்க முடியாது; லென்ஸ் வேர்த்துவிடும். பையிலேயே வைத்து வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள். இருட்டுகிற நேரத்து மின்னலுக்கு முக்காலி, எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 15 விநாடி ஷட்டர் போதும். விடாமல் அடுத்தடுத்து எடுக்க வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைந்தால் உடனே காடிக்குள் போய்விடுங்கள். பாறையடியில் ஒதுங்கவே கூடாது. 1973-இல் ஈப்போ குனோங் சீரோவில் பாறை சரிந்து சுமார் 40 பேர் மாண்டார்கள்.

எஞ்சியிருக்கும் பால்மரக் காடுகளையும் விட்டுவிடாதீர்கள். தைப்பூசத்தை ஒட்டி இலைகள் பழுத்துச் சிவந்து உதிரும். மழைக்குப் பிறகு போனால், போலரைசரைத் திருப்பி இலையின் பளபளப்பை அடக்கலாம். ஈரப்பட்டையின் கருமை அப்படியே வரும். மரம் நனைந்தால் வெட்டிய பால் கோட்டை விட்டு வழிந்தோடும், பால்வெட்டு நிற்கும், அன்றைய கூலியும் போகும். பெரட்டுக்குப் புறப்படுமுன் நம் பாட்டன் பாட்டிமார் வானத்தைப் பார்த்தது இதற்காகத்தான். அதனால் வெறும் மர வரிசையோடு நிறுத்தாமல், வெட்டுக் கோட்டையும் கவிழ்த்து வைத்த பால் மங்குகளையும் படத்தில் சேர்க்கச் சொல்வேன்.

இந்தச் சுண்ணாம்புக்கல் மலைகளில் சில இன்னமும் உடைக்கப்படுகின்றன. 2018-இல் கிந்தா பள்ளத்தாக்கு தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகும் கல்குவாரிகள் இயங்குகின்றன. வெட்டுப்பட்ட பக்கத்தை ஒதுக்கிவிட்டுப் பசுமையை மட்டும் எடுப்பது பலருக்கு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. குவாரி எல்லைக்குள் நுழையாமல், பொதுச்சாலையோரம் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆண்டுதோறும் அதே மாதம், அதே லென்ஸில், அதே திசையில் எடுத்து, தேதியையும் நின்ற இடத்தையும் குறித்து வையுங்கள். கைப்பேசிப் படமாக இருந்தாலும் போதும்; மலை எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தால் யாரும் அளந்துவிடலாம்.