புரோசசரின் உறக்கமும் டைமரின் தட்டலும்

கோலாலம்பூருக்குத் தெற்கே சைபர்ஜெயாவிலுள்ள தரவு மையங்களில் சர்வர்கள் உட்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. குளிர்நாடுகளில் ஆண்டின் பல மாதங்கள் வெளிக்காற்றைக் கொண்டே அவ்வெப்பத்தைத் தணித்துவிட முடியும் என்றாலும், குளிர்காலமே இல்லாத கிள்ளான் பள்ளத்தாக்கில் அதை அகற்றவும் மின்சாரமே தேவைப்படுகிறது. எனவே வேலையற்ற நேரத்தில் புரோசசர் எவ்வளவு ஆழமாக உறங்குகிறது என்பது இங்கு மின்கட்டணத்தில் இரண்டு இடங்களில் எதிரொலிக்கிறது.

அவ்வுறக்கத்தைத் தீர்மானிப்பது, வன்பொருளையும் செயலிகளையும் இணைத்து ஆளும் இயங்குதளத்தின் கருப்பகுதியான கெர்னல் ஆகும். குறித்த நேரத்தில் செய்ய வேண்டியவற்றை அது டைமர்களாகப் பதிந்துகொள்கிறது; அவற்றின் கெடு வந்துவிட்டதா என்று பார்க்கவும், புரோசசரைச் செயலிகளுக்கிடையே பங்கிடவும், 'டிக்' எனப்படும் சீரான குறுக்கீட்டைப் பயன்படுத்துகிறது. சாதாரணக் கணினிகளில் நொடிக்கு 100 முறை எழுந்த இந்த டிக், 2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6 பதிப்பில் 1000 முறையாக உயர்ந்தது. துல்லியம் கூடியது, ஆனால் செய்வதற்கு எதுவுமில்லாத கணினியும் ஒவ்வொரு மில்லிநொடியிலும் தட்டி எழுப்பப்பட்டது. ஆழ்ந்த உறக்கநிலைக்குள் புகவும் அதிலிருந்து மீளவும் ஆற்றல் செலவாவதால், இடைவெளி நீண்டால்தான் அந்த உறக்கம் இலாபம் தரும். விட்டுவிட்டுத் தூங்குவதில் மிச்சம் அதிகமில்லை.

தாமஸ் கிளைக்ஸ்னர், இங்கோ மோல்னார் ஆகியோரின் உழைப்பால் 2007 ஏப்ரலில் வந்த 2.6.21 பதிப்பு, வேலையற்ற புரோசசருக்கு டிக்கையே நிறுத்திவிட்டு, அடுத்த டைமரின் கெடு எப்போது என்று கணக்கிட்டு அதுவரை உறங்கவிட்டது. எனினும், டைமர்கள் சிதறிக் கிடந்தால் இதனால் பெரும்பயன் விளையாது. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் செல்வோர் தனித்தனி வாகனத்தில் புறப்படாமல் ஒரே கொமுட்டர் ரயிலுக்குக் காத்திருப்பதைப் போல, சிறிது தாமதத்தைப் பொறுக்கக்கூடிய டைமர்களைக் கெர்னல் ஒரே விழிப்பில் சேர்த்து முடிக்கிறது. சற்றும் அவசரமற்றவற்றையோ, வேறு காரணத்தால் புரோசசர் விழிக்கும்வரை ஒத்திப்போடுகிறது. லினக்ஸ் கெர்னலையே அடித்தளமாகக் கொண்ட ஆண்ட்ராய்டு, 2015இல் வந்த 6.0 பதிப்பின் 'டோஸ்' வசதியில், அசையாமல் கிடக்கும் கைப்பேசியில் செயலிகளின் பின்னணி வேலைகளை இவ்வாறே தொகுக்கிறது.

கெர்னல் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும், அதன்மேல் ஓடும் செயலிகள் ஒத்துழைக்காவிட்டால் பயன் குறைவு என்பதை, எந்த நிரல் நொடிக்கு எத்தனை முறை புரோசசரை எழுப்புகிறது என்று பட்டியலிட்டுக் காட்டும் பவர்டாப் என்ற கருவியை 2007இல் இன்டெல் வெளியிட்டபோது பலரும் உணர்ந்தனர். ஏதேனும் மாறியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டுமே ஓயாமல் விழித்துக்கொண்டிருந்த நிரல்கள் பல, மாற்றம் நேரும்போது கெர்னலே அறிவிக்கும்வரை காத்திருக்கும்படி அதன்பின் திருத்தப்பட்டன.