கர்சிவ் எழுத்தும் முள் கடிகாரமும்: நம் பிள்ளைகளுக்கு எது தேவை?

நமது மாலை நேர டியூஷன் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர் இந்த ஆண்டு இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒன்று: "ஸ்கூலில் கர்சிவ் எழுதச் சொல்கிறார்கள். பிள்ளைக்கு வரவில்லை. தனியாகக் கையெழுத்து வகுப்புக்குப் பணம் கட்டி அனுப்பலாமா?" மற்றொன்று: "அஞ்சாவது படிக்கிறான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லத் தெரியவில்லை. போனில்தான் மணி தெரிகிறதே, இதைப் போய் ஒரு குறையாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?"

இரண்டும் பழைய காலத்துச் சமாச்சாரம், விட்டுவிடலாம் என்று நம் நிர்வாகக் குழுவிலேயே சிலர் நினைக்கிறார்கள். என் கருத்து அப்படி இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கவும் கூடாது.

முதலில் கர்சிவ். பேனாவைத் தூக்காமல் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துச் சேர்த்து எழுதுவதுதான் அது. இறகுப் பேனாவில் எழுதிய காலத்தில் பேனாவை அடிக்கடி எடுத்து வைத்தால் தாளில் மை சொட்டும். சேர்த்து எழுதினால் அந்தத் தொல்லை குறையும், வேகமும் கிடைக்கும். பால்பாயிண்ட் பேனா வந்தபோதே அந்தக் காரணம் பாதி போய்விட்டது. ஆனால் நாலு கோடு நோட்டும், சாய்த்து எழுதினால்தான் அழகு என்ற எண்ணமும் நம் ஆங்கிலவழிப் பள்ளிகளில் தங்கிவிட்டன. தமிழைப் பள்ளியில் இப்படி இரண்டு விதமாக எழுதப் பழக்குவதில்லை. அரபியிலோ சேர்த்து எழுதுவதைத் தவிர வேறு வழியே இல்லை. அலிஃப், தால், ரா, வாவ் போன்ற ஆறு எழுத்துகள் மட்டும் அடுத்த எழுத்தோடு சேராமல் நிற்கும். மற்றவை சொல்லின் தொடக்கம், நடு, கடைசி என்று இடத்துக்கு இடம் உருமாறிச் சேரும். மக்தபில் அரபி எழுதப் பழகும் ஏழு வயதுப் பிள்ளைக்கு இது பிடிபடுகிறது என்றால், கர்சிவ் வராத பிள்ளையை மந்தம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அமெரிக்காவில் 2010-ல் பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட பொதுப் பாடத் தரத்தில் கர்சிவ் இடம்பெறவில்லை. தட்டச்சுக்கு இடம் இருந்தது. பின்லாந்திலும் 2016 முதல் சேர்த்தெழுதும் முறை கட்டாயப் பாடமாக இல்லை. பிறகு அமெரிக்காவில் காற்று திரும்பியது. ஒவ்வொரு மாநிலமாக அதைத் திரும்பக் கொண்டுவந்தன. கலிபோர்னியா 2023-ல் சட்டம் இயற்றி, ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை கர்சிவ் கற்பிக்க வேண்டும் என்றது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவரும் வரலாற்றுப் பேராசிரியருமான ட்ரூ கில்பின் ஃபாஸ்ட் 2022-ல் ஒரு கட்டுரை எழுதினார். தம் வகுப்பு மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கர்சிவ் எழுத்தை வாசிக்கத் தெரியவில்லை என்று அதில் சொல்லியிருந்தார். வரலாறு படிக்கும் பிள்ளைகளால் தம் சொந்த நாட்டின் பழைய கடிதங்களைப் படிக்க முடியவில்லை.

கர்சிவுக்காக வாதாடுபவர்கள் மூளை ஆராய்ச்சியைக் காட்டுவார்கள். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்தியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் சில எழுத்துகளைக் கையால் எழுதினார்கள். சில எழுத்துகளுக்குப் பொத்தானைத் தட்டினார்கள். சிலவற்றைப் புள்ளிக் கோட்டின் மேல் இழைத்தார்கள். பிறகு மூளையைப் படம் பிடித்துப் பார்த்ததில், தாமே கையால் எழுதிப் பழகிய எழுத்துகளைப் பார்க்கும்போதுதான் வாசிப்புக்கான பகுதிகள் நன்றாக வேலை செய்தன. ஆனால் அந்தப் பிள்ளைகள் எழுதியது கர்சிவ் அல்ல, தனித்தனி எழுத்துகள். ஆகவே கையால் எழுதுவது பிள்ளைக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. சாய்த்துச் சேர்த்து எழுதினால்தான் நல்லது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. கையெழுத்து வகுப்பு நடத்துபவர்கள் விளம்பரத்தில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அதை நம்பி மாதாமாதம் பணம் கட்டும் குடும்பங்களை நான் அறிவேன்.

நம் நாட்டில் கையெழுத்தை விட்டுவிட முடியாது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் இன்றைக்கும் தாளில், பேனாவில், மணிக்கணக்கில் எழுதும் தேர்வுகள். அங்கே தேவைப்படுவது இரண்டே இரண்டு: விடைத்தாள் திருத்துபவர் கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிய வேண்டும், தெரிந்த விடையை நேரத்துக்குள் எழுதி முடிக்க வேண்டும். வங்கிப் படிவங்கள் ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளைத் தனித்தனியாக எழுதத்தான் கேட்கின்றன. கர்சிவ் எழுதவில்லை என்பதற்காக ஒரு பள்ளியில் நோட்டைக் கிழித்துத் திரும்ப எழுத வைத்ததாக ஒரு அத்தா வந்து வருத்தப்பட்டார். நோட்டை நானும் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் தனி எழுத்து அச்சுப் போல் இருக்கிறது. அதைக் கெடுத்து எதைச் சாதிக்கப் போகிறோம்?

எவ்வளவு பழகியும் எழுத்து கோணலாகவே வந்து, சீக்கிரம் கை வலித்து, வாயால் நன்றாகப் பதில் சொல்லும் பிள்ளை தாளில் மட்டும் தடுமாறினால், அது சோம்பேறித்தனம் இல்லாமல் கற்றல் குறைபாடாகவும் இருக்கலாம். அடிக்க வேண்டாம். குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். உரிய சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. தேர்வு நெருங்கும்போது ஓடாமல், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் பேச வேண்டும்.

ஆனால் கர்சிவை வாசிக்கத் தெரிவது வேறு விஷயம். இதில் நான் பிடிவாதக்காரன். 2025 ஜூனில் உமீத் இணையதளம் தொடங்கி, வக்ஃபு சொத்து விவரங்களை ஆறு மாதத்துக்குள் பதிவேற்ற வேண்டும் என்றபோது, நம் அலுவலகத்திலும் பழைய இரும்புப் பெட்டிகளைத் திறந்தோம். ஆங்கிலேயர் காலத்து ஆங்கிலக் கையெழுத்தில் சில தாள்கள், பழைய தமிழ்க் கையெழுத்தில் சில பத்திரங்கள். பட்டதாரி இளைஞர்கள் ஸ்கேன் செய்தார்கள், கணினியில் ஏற்றினார்கள். தாளில் இருந்ததைப் படிக்க மட்டும் எழுபது வயதைத் தாண்டிய ஒருவரை அழைத்து வர வேண்டியிருந்தது. நம் சமுதாயத்துக்கு இதில் பழைய அனுபவமும் உண்டு. அரபி எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் ஒரு காலத்தில் நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கியது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 19-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'மகானி' அந்த எழுத்தில்தான் பரவியது. இன்று நன்னியின் பெட்டியில் இருக்கும் கிதாபைப் பேத்தியால் படிக்க முடியவில்லை. மொழி தமிழ்தான், எழுத்தும் மக்தபில் படித்த எழுத்துதான். தொடர்ந்து சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் போனது, அவ்வளவே. கர்சிவை எழுதப் பல மாதப் பயிற்சி வேண்டும். வாசிக்கப் பழக இருபத்தாறு எழுத்துகளின் வடிவம் தெரிந்தால் போதும், சில வாரங்களில் வந்துவிடும். ஆகவே நமது டியூஷன் வகுப்பில் இன்ஷா அல்லாஹ் வாசிக்க மட்டும் கற்றுக் கொடுப்போம். எழுதுவது பிள்ளையின் விருப்பம்.

அடுத்தது கடிகாரம். 2018-ல் பிரிட்டனில் சில பள்ளிகள் தேர்வு அறைகளில் முள் கடிகாரத்தை எடுத்துவிட்டு டிஜிட்டல் கடிகாரம் மாட்டின. முள்ளைப் பார்த்து நேரம் கண்டுபிடிக்கத் தெரியாமல் மாணவர்கள் பதறுகிறார்கள் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த வசதி யாரும் செய்து தரப் போவதில்லை. நீட் தேர்வுக்குக் கைக்கடிகாரமே கட்டிக்கொண்டு போகக் கூடாது. 180 கேள்வி, 180 நிமிடம். அறைச் சுவரில் எது தொங்குகிறதோ அதைப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். சி.பி.எஸ்.இ. தேர்வில் ஸ்மார்ட் வாட்ச் கூடாது, முள் கடிகாரம் கட்டலாம்.

தேர்வை விடுங்கள். டிஜிட்டல் கடிகாரம் இப்போது என்ன மணி என்பதை மட்டும் சொல்கிறது. முள் கடிகாரம் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதையும் கண்ணுக்குக் காட்டுகிறது. 4:50-க்கும் 5:15-க்கும் நடுவில் எத்தனை நிமிடம் என்று எண்களாகக் கேட்டால் சின்னப் பிள்ளை 50-ஐயும் 15-ஐயும் வைத்துக் கழிக்கப் பார்த்துக் குழம்பும். வட்டத்தில் ஐந்து கட்டம் தாண்டுவதைக் காட்டினால், ஐயைந்து இருபத்தைந்து என்று சொல்லிவிடும். ஐந்தாம் வாய்ப்பாடு, கால், அரை, முக்கால், பின்னால் வரும் கோணம் எல்லாம் அந்த ஒரு தட்டில் இருக்கின்றன. நிமிட முள் ஒரு நிமிடத்துக்கு 6 பாகை நகர்கிறது, மணி முள் அரைப் பாகை நகர்கிறது. மூன்றரை மணிக்கு இரண்டு முள்ளுக்கும் இடையே கோணம் எவ்வளவு என்று கேளுங்கள். பெரிய பிள்ளைகளே 90 என்பார்கள். மணி முள் அதற்குள் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே வந்துவிடுவதால் விடை 75. ரயில்வே வேலைத் தேர்வுகளில் இப்படிப்பட்ட கடிகாரக் கணக்குகள் வருகின்றன.

நம் பேச்சும் இதைச் சார்ந்திருக்கிறது. "அஞ்சே முக்காலுக்கு வா" என்று நன்னா சொன்னால், போனில் மட்டும் மணி பார்த்த பேரனுக்கு அது 5:45 என்று புரிவதில்லை. ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. அதே நேரத்தை ஆங்கிலத்தில் ஆறுக்குக் கால் மணி குறைவு என்று வரப்போகும் மணியிலிருந்து சொல்லுவார்கள். தமிழில் முடிந்துபோன ஐந்தோடு முக்காலைச் சேர்க்கிறோம். வட்டத்தில் காட்டினால் இரண்டும் ஒரே இடம்தான் என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

முள் ஏன் இடமிருந்து வலமாகச் சுற்றுகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பூமியின் வட பாதியில் நிழற்கடிகாரத்தின் நிழல் நகரும் திசை அது. கடிகாரம் செய்தவர்கள் அதையே பின்பற்றினார்கள். லுஹருக்கும் அஸருக்கும் நிழலை வைத்து நேரம் கணிப்பதை மதரஸாவில் படித்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பள்ளிவாசலில் ஐந்து வேளை ஜமாஅத் நேரத்தைக் காட்டும் வட்ட முகப் பலகைகள் இருக்கின்றனவே, மின் எழுத்துப் பலகை வந்த பிறகும் அவற்றைக் கழற்ற வேண்டாம் என்று மஹல்லா நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். ஓடாத கடிகாரம் என்பதால் பிள்ளைகள் நின்று நிதானமாகப் படித்துப் பழக அதைவிட வசதியானது கிடையாது.

வீட்டில் சொல்லிக் கொடுக்கப் பத்து நாள் போதும். முதல் சில நாள் நிமிட முள்ளைக் கழற்றிவிட்டு மணி முள்ளை மட்டும் விடுங்கள். "ஐந்தைத் தாண்டிவிட்டது, ஆறை நெருங்குகிறது" என்று பிள்ளை வாயால் சொல்லட்டும். 5:45-ஐ 6:45 என்று தவறாகச் சொல்வது இந்தப் பழக்கம் இல்லாததால்தான். பிறகு நிமிட முள்ளை மாட்டி, கால், அரை, முக்கால், அதன்பின் ஐந்தைந்தாக. பாடம் நடத்துவது போல் உட்கார வைக்க வேண்டாம். "அஸருக்கு இன்னும் எவ்வளவு நேரம்?" "அடுப்பை எத்தனை மணிக்கு அணைக்க வேண்டும்?" என்று போகிற போக்கில் கேட்டால் போதும்.

டியூஷன் வகுப்புக்கு இப்படிக் கழற்றி மாட்டிப் பழக ஏழெட்டுக் கடிகாரங்கள் தேவைப்படுகின்றன. வீட்டில் பழைய சுவர்க் கடிகாரம் கிடந்தால் அலுவலகத்தில் கொடுங்கள். ஓட வேண்டியதில்லை, முள் திரும்பினால் போதும்.